அவள் பெயரில் ஒரு ஃபோல்டர்

"அது அந்தப் பொண்ணு கைவச்ச வேல, தங்கச்சி. நீ தொட்டா ஓடாது."

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் பாய் என்னிடம் சொன்னது இது. எங்கள் அலுவலகத்தின் மென்பொருளை வாடிக்கையாளர்களின் கணினிகளில் நிறுவித் தருகிறவர் அவர். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். என்னை மட்டம்தட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

நான் கர்வக்காரி. அதை மறைக்கும் எண்ணம் இல்லை. என் அப்பா சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லாரிக்குக் கம்பி ஏற்றுகிறவர். அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கிறாள். இரண்டு பேர் வழியிலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்குமேல் கல்லூரியும் முடித்தேன், கணிதத்தில். அப்படிப்பட்டவளிடம் ஒருவர் வந்து, மென்பொருள் கைராசி பார்க்கும் என்கிறார்.

எங்கள் அலுவலகம் தண்டையார்பேட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கன்டெய்னர் லாரி போனால் மேசை அதிரும். பொறியாளர்களும் கல்லூரிகளும் பயன்படுத்தும் கணக்கீட்டு மென்பொருள் ஒன்று உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, மூல நிரலோடு இலவசமாகக் கொடுப்பது. அதில் இல்லாத கணக்குகளுக்காக வேறு பலர் எழுதிய துணைப் பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவையும் மூல நிரலாகத்தான் கிடைக்கும். மூல நிரல் என்பது மனிதர் படிக்கக்கூடிய எழுத்து. கணினியால் அதை அப்படியே ஓட்ட முடியாது. கம்பைல் செய்ய வேண்டும், அதாவது கணினிக்கு மட்டும் புரிகிற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு அது நம்பியிருக்கிற மற்றக் கோப்புகளையும் தேடிச் சேர்த்து, எந்தக் கணினியில் வைத்தாலும் நிற்கிற ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். அதுதான் என் வேலை.

அப்பாவுக்கு இதை விளக்கியபோது, "யாரோ செஞ்ச சாமான், நீ கொண்டாந்து நிக்கவைக்கிற. அப்போ நீ ஃபிட்டரு" என்றார். சந்தையில் அவர் மதித்துப் பேசுகிற ஒரே ஆள் ஃபிட்டர்தான். ஆகவே அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

பாய் சொன்ன 'அந்தப் பொண்ணு' எனக்கு முன் அதே மேசையில் உட்கார்ந்திருந்தவள். எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்துப் பெண். அவளும் வீட்டில் முதலில் படித்தவள். ஒரு காலையில் வேலைக்கு வரும் வழியில், எண்ணூர் விரைவுச் சாலையில், அவளுடைய ஸ்கூட்டரைக் கன்டெய்னர் லாரி ஒன்று ஓரத்தில் ஒதுக்கி இடித்துவிட்டது. அவள் இறந்து வெகுநாள் கழித்துத்தான் நான் வந்தேன். நான் அவளைப் பார்த்ததில்லை. அவள் பெயரை மட்டும் தினமும் பார்த்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

எங்கே போனாலும் பாய் முதலில் செய்கிற காரியம், அந்தக் கணினியில் அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குவது. அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று, கடைசியில் சில கோப்புகள். அதன் பிறகுதான் பேக்கேஜை நிறுவுவார். "மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு வூடு. அப்பால தான் மத்தது" என்பார். பொன்னேரி வரை, ஆவடி வரை, எந்தக் கல்லூரி ஆய்வகத்தில் எங்கள் பேக்கேஜ் ஓடுகிறதோ அங்கெல்லாம் அவளுக்கு ஒரு வீடு இருந்தது. ஓரிடத்தில் யாரோ இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அதை அழித்துவிட்டார்கள். எல்லாம் நின்றுபோனது. அப்போது திரையில் வந்த பிழைச்செய்தி, அவள் பெயரைச் சொல்லி, அப்படி ஒன்று இல்லை என்றது. பாய் அந்தத் திரையைப் படம் எடுத்து வந்து எனக்குக் காட்டினார். "பாரு, கோச்சிக்கினு பூட்சு."

எனக்குக் காரணம் தெரியும். அதில் கோபமும் இல்லை, ராசியும் இல்லை. கம்பைல் செய்யும்போது, உன் துணைக் கோப்புகள் இந்த இடத்தில் இருக்கும் என்று முழு முகவரியைச் சொல்லிவிட்டால் அது அப்படியே உள்ளே பதிந்துவிடும். அவள் தன் சொந்த ஃபோல்டரில் வைத்துக் கட்டியிருக்கிறாள். அந்த முகவரி பதிந்துவிட்டது. பேக்கேஜ் எங்கே போனாலும் அந்த வீட்டையே தேடுகிறது. புதிதாக வேலை கற்கிறவர்கள் செய்கிற தவறுதான். மறுபடி ஒழுங்காகக் கட்டினால் தீர்ந்துவிடும். ஆனால் அவள் போன பிறகு கட்டத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. ஆகவே தவறைச் சரிசெய்வதற்குப் பதில் தவறுக்கு வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பாயிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரிதான். ஆனா தொடாத" என்றார்.

தொட வேண்டி வந்தது. எங்கள் பேக்கேஜை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் துறைமுகத்தில் படகுத்துறைத் தூண்களைச் சரிபார்க்கும் ஒரு பொறியாளர் குழு. அவர்கள் எல்லாக் கணினிகளையும் மாற்றினார்கள். புதியவற்றில் வெளியாள் பெயரில் எந்த ஃபோல்டரும் உருவாக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். பழையவை மழைக்காலத்துக்கு முன் போய்விடும்.

அலுவலகத்தை நடத்தும் சார் என்னைக் கூப்பிட்டார். என் பெயருக்குப் பதில் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அது அடிக்கடி நடக்கும். அவர் திருத்திக்கொள்வதில்லை, நானும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தேன்.

"எல்லாத்தையும் மூலத்துலேர்ந்து திரும்பக் கட்டணும்மா. அவங்க பழைய மிஷின்ல வர்ற விடை புதுசுலயும் வரணும். வந்தா உன் வேல நிரந்தரம். வரலன்னா அவங்க வேற ஆளப் பாத்துப்பாங்க. நானும் பாக்கணும்."

அந்த 'நானும்' எதைச் சொல்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதற்கு முன் நான் லாரி புக்கிங் ஆபீஸில் சரக்கு விவரம் தட்டிக்கொண்டிருந்தவள். திரும்பிப் போனால் அதே நாற்காலி காத்திருக்கும். எங்கள் தெருவில், 'படிச்சும் இன்னா?' என்று கேட்கக் காத்திருக்கிறவர்களும் உண்டு.

கட்டுவது எளிதாகவே இருந்தது. அலுவலகத்துக் கணினியில் மூல நிரல் முழுவதும் இருந்தது. முகவரிகளைச் சரியாகக் கொடுத்தேன். எச்சரிக்கைகள் வரிவரியாக ஓடின. வழக்கொழிந்துபோன சில கட்டளைகளை மாற்றினேன். கடைசியில் பேக்கேஜ் பிழையில்லாமல் உருவானது. எந்தப் பெயரிலும் ஃபோல்டர் கேட்காமல் ஓடியது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஓடுது பாத்தீங்களா?"

"ஓடுது" என்றார். "வெட வருதா?"

விடை வந்தது. ஆனால் வேறு விடை. சேற்று மண்ணில் ஊன்றிய ஒரு தூண், கப்பல் உரசினால் எவ்வளவு வளையும் என்பது கணக்கு. பழைய பேக்கேஜ் ஒரு அளவைச் சொன்னது. என்னுடையது அதைவிட மிகக் குறைவாகச் சொன்னது. மற்றத் தூண்களில் எல்லாம் ஒத்துப்போனது. சேற்றில் நின்றவற்றில் மட்டும் இல்லை.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தை அப்படியே எழுதுகிறேன். அவள் தப்பு, நான் சரி. முகவரியில் தவறு செய்தவள் கணக்கிலும் செய்திருப்பாள். அந்த எண்ணத்தோடு ஒரு மதியம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். பிறகு, சாரிடம் காட்டுவதற்கு முன் நிரூபித்துக்கொள்ளலாம் என்று, என் விடையை மூலச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவளுடையதைப் போட்டேன். அச்சாகப் பொருந்தியது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். ஆனாலும் யாரோ நாற்காலிக்குப் பின்னால் நின்று என் திரையைப் படிக்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே, அப்படி ஒன்று இருக்கலாம் என்று நான் நம்பிவிட்டதற்கு அடையாளம்.

பழைய பேக்கேஜ் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொள்ள, வேண்டுமென்றே அதற்குத் தப்பான எண்களைக் கொடுத்தேன். அது பிழைச்செய்தியோடு நின்றது. இன்ன கோப்பில், இன்ன வரியில் நின்றேன் என்றது. எங்களிடம் இருந்த அந்தக் கோப்பைத் திறந்தேன். அந்த வரி இல்லை. அந்த எண் வருவதற்கு வெகுமுன்பே கோப்பு முடிந்திருந்தது.

ஓடுகிற பேக்கேஜ், எங்களிடம் இல்லாத வரிகளிலிருந்து பேசிக்கொண்டிருந்தது. கல்லூரிகளிலும் துறைமுகத்திலும் இத்தனை காலமாகச் சரியான விடை சொல்லிக்கொண்டிருந்தது அந்த வரிகள்தான். அவள் மூல நிரலைத் திருத்தியிருக்கிறாள். திருத்தம் எங்கள் கணினிக்கு வந்து சேரவே இல்லை.

சாரிடம் கேட்டேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஊரடங்கு சமயத்துல வீட்லேர்ந்து செஞ்சிச்சு. அரசாங்கம் குடுத்த லேப்டாப்ல. அந்தப் பக்கம் நெட்டு சரியா வராது. கட்டின பேக்கேஜ மட்டும் அனுப்பும். சோர்ஸ அப்பறம் ஏத்திடறேன் சார்னு சொல்லிச்சு." பிறகு, "ஆபீஸ் தெறந்து ரொம்ப நாள்கூட ஆகல, அதுக்குள்ள போயிடிச்சும்மா" என்றார்.

நானே அந்தத் திருத்தத்தை யூகித்து எழுதிப் பார்த்தேன். விடைக்கு எவ்வளவு அருகில் வந்ததும் கணக்கு நிற்கலாம் என்ற அளவை இறுக்கினேன், தளர்த்தினேன். ஒரு தூணுக்குச் சரியாக வந்தால் அடுத்ததற்குத் தப்பியது. ஒவ்வொரு தடவையும் பாய் கதவருகே வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தாலாவது கத்தியிருக்கலாம்.

கடைசியில் நானே அவரிடம் போனேன். "அந்த லேப்டாப் அவங்க வீட்லதான் இருக்குமா, பாய்?"

"கீது. அந்தம்மா வச்சிகினு கீறாங்க." பிறகு தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணு சொல்லிட்டேன் தங்கச்சி, அந்தம்மாகிட்ட. சாவு வூட்ல. ரொம்ப அழுதுச்சு, எனக்குத் தாங்கல. உன் பொண்ணு பேரு போடாம ஒரு மிஷினும் ஓடாதும்மா, எல்லா காலேஜ்லயும் உன் பொண்ணு பேர்ல ஒரு ரூம் கீது அப்டின்னு சொல்லிட்டேன். இப்பவும் ரோட்ல பாத்தா கேக்கும், 'கீதா பாய்?'னு. கீதும்மான்னுவேன்."

"நீங்களும் என்கூட வாங்க."

"நான் வர்ல. பொய் சொல்ல வரும். அத எடுத்துட்டோம்னு சொல்ல வராது."

பஸ்ஸில் போனேன். எண்ணூரில் இறங்கி நடந்தால் ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் ஆறு. சாம்பல் படிந்த தண்ணீரில் பெண்கள் இடுப்பளவு இறங்கிக் கையால் இறால் தேடிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உங்கள் மகள் பெயரை எல்லாக் கணினியிலிருந்தும் எடுக்கப் போகிறேன், அதற்கு உங்கள் மகளின் கணினியே வேண்டும். எப்படிச் சொன்னாலும் இதுதான் அதன் பொருள்.

அவளுடைய அம்மா வாசலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். மின்நிலையக் குடியிருப்பில் பெருக்கும் வேலை, காலையிலேயே முடித்து வந்துவிடுவாராம். நான் எந்த ஆபீஸ் என்று சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"அவ சீட்லயா உக்காந்துகினு கீற?"

"ஆமாம்மா."

"அந்த ஃபேன் சரியா காத்து வராதுன்னு சொல்லும். மாத்தனாங்களா?"

"இல்லம்மா. அதே ஃபேன்தான்."

"கஞ்சனுங்க" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

லேப்டாப் பீரோவில், பிளாஸ்டிக் உறையில் இருந்தது. உப்புக் காற்றுக்கும் சாம்பலுக்கும் பயந்து அப்படிச் சுற்றியிருந்தார். வெள்ளிக்கிழமையானால் எடுத்துத் துடைத்து, கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டு, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றி வைப்பாராம். "தொறக்க முடியல. பூட்டிட்டுப் பூட்சு. என் பேரு, அதோட நைனா பேரு, நாய் பேருகூடப் போட்டுப் பாத்தாச்சு."

அப்போதே சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வாய் டீ குடித்திருந்தால் சொல்ல முடியாமல் போயிருக்கும். பாய் சொன்ன ரூம் உண்மை என்றேன். ஆனால் அது ஒரு தவறினால் வந்தது, புதிய கணினிகளில் அதை வைக்க முடியாது, எடுத்தாக வேண்டும் என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பா? அது தப்பா செஞ்சதா?"

"அந்த ஒண்ணு தப்பும்மா. ஆனா உள்ள வேற ஒண்ணு செஞ்சிருக்காங்க. அது சரி. என்னால அதச் செய்ய முடியல. எங்க ஆபீஸ்ல யார்கிட்டயும் அது இல்ல. அதத் தேடித்தான் வந்தேன்."

நான் சொன்னதில் எது அவரை அசைத்தது என்று எனக்குத் தெரியாது. எழுந்து பீரோவிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். "எட்த்துகினு போவக் கூடாது. இங்கயே உக்காந்து பாரு. நானும் பாப்பேன்."

என் பென்டிரைவில் இருந்த வேறொரு இயங்குதளத்தைக் கொண்டு லேப்டாப்பை எழுப்பினேன். அப்படிச் செய்தால் கடவுச்சொல் வேண்டியதில்லை.

"பூட்டுன வூட்ட எப்டி தொறந்த?"

"பின்பக்கமா வந்தேம்மா."

"திருடிங்க மாதிரி" என்றார். சிரிக்கவில்லை. "வேற எதையும் தொறக்காத. அவ கோச்சிப்பா."

எத்தனையோ தடவை பிழைச்செய்திகளில் படித்த அந்த முகவரி, கண் முன்னால், நிஜமான ஃபோல்டராக இருந்தது. பொன்னேரியிலும் ஆவடியிலும் பாய் கட்டிய வீடுகள் எல்லாம் எதைப் பார்த்துக் கட்டியவையோ, அது. பக்கத்திலேயே படங்கள், பாட்டுகள் என்று வேறு ஃபோல்டர்கள். அவற்றின் மேல் விரல் படாமல் தாண்டினேன். கோப்பு இருந்தது. எங்களிடம் உள்ளதைவிட நீளமானது.

கம்பைல் செய்யும்போது முதலில் உதிர்ந்துபோவது, நிரலுக்கு நடுவே எழுதியவர் தனக்காக எழுதிவைக்கும் குறிப்புகள். கணினிக்கு அவை வேண்டாம். அதனால் ஓடுகிற பேக்கேஜில் அவளுடைய கணக்கு இருந்தது, குரல் இல்லை. குரல் இங்கே இருந்தது. ஆங்கில எழுத்தில், எங்கள் பக்கத்துப் பேச்சு.

முதல் குறிப்பு: 'நகரலன்னா வந்து சேந்துட்சுன்னு அர்த்தம் இல்ல. திரும்பப் போட்டுப் பாரு.'

அவ்வளவுதான் விஷயம். இந்தக் கணக்கு ஒரு விடையை ஊகித்து, திருத்தி, மறுபடி திருத்திக்கொண்டே போகும். இரண்டு திருத்தங்களுக்கு நடுவே விடை அசையவில்லை என்றால் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து நின்றுவிடும். சேற்றுத் தூண்களில் அது சேராமலே சிக்கி நின்றது. நானும் நிற்கிற இடத்தை மாற்றிமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, நின்ற விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பொருந்துகிறதா என்று நிரலையே பார்க்கவைக்கத் தோன்றவில்லை. நான் கையால் செய்த சோதனையை அவள் உள்ளேயே எழுதியிருந்தாள்.

"இன்னா எழுதிகீது?" என்று அம்மா கேட்டார். படித்துக் காட்டினேன். "இது அவ பேச்சுதான்" என்றார்.

அடுத்தது: 'இங்க எவனும் கைவைக்காதீங்க.' அதற்கு அவர் சிரித்துவிட்டார். "என்னியக்கூட இப்டிதான் வெரட்டும்."

இன்னும் கீழே, ஒரு பகுதி பாதியில் நின்றிருந்தது. தூணின்மேல் பாரமே இல்லாதபோது என்ன செய்வது என்ற இடம். அங்கே: 'அம்மா கத்துது. துன்னுட்டு வந்து இத முடிக்கணும்.'

படிப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "சொல்லு." சொன்னேன்.

அவர் எழுந்து அடுப்படிப் பக்கம் போய், எதையோ நகர்த்தி, திரும்பி வந்து உட்கார்ந்தார். "அது எந்தத் தபான்னு யாருக்குத் தெரியும்? தெனமும் கத்துவேன். ஆறிப்பூடும்டி, வாடின்னு கத்துவேன். ஒரு நாளும் சூடா துன்னதில்ல." பிறகு என்னிடம், "நீ துன்னியா?" என்றார். இல்லை என்றேன். சோறும் வறுத்த நெத்திலியும் வைத்தார். அந்த வீட்டில் அவளுடைய கோப்பு என் பென்டிரைவுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது நான் சாப்பிட்டேன். சூடாகச் சாப்பிட்டேன். அது எனக்கு ஏனோ உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

கிளம்பும்போது கையைப் பிடித்தார். "பேர எடுக்கணும்னா எடு. தப்புன்னா எடுக்கத்தான் வேணும். ஆனா சொம்மா தொடச்சிப் போட்டுடாத. அந்தச் சரியா செஞ்சத எங்க வைக்கணுமோ அங்க வை."

அலுவலகத்தில் அவள் வரிகளைச் சேர்த்துக் கட்டினேன். பாரம் இல்லாத தூணுக்கான பகுதியை நானே எழுதி முடித்தேன். சேற்றுத் தூண்கள் எல்லாம் பொருந்தின. பாயைக் கூப்பிட்டேன். விடையைப் பார்த்தார், பழைய விடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி. இனிமே உன் பேர்ல வூடு கட்டணுமா?"

கேலிதான். ஆனாலும் சோதித்துப் பார்த்தேன். அவசரத்தில் ஒரு துணைக் கோப்பை என் சொந்த ஃபோல்டரில் வைத்துக் கட்டியிருந்தேன். பேக்கேஜுக்குள் என் பெயர் பதிந்திருந்தது.

ஒரு கணம் அது பிடித்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் எதிலும் பதிந்ததில்லை. அடுத்த கணம், வேறொரு பெண் என் மேசையில் உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லி, அப்படி ஒன்று இல்லை என்று வரும் செய்தியைப் படிப்பதைப் பார்த்தேன். அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். அவளுக்கு மின்விசிறிக் காற்றுகூட வரவில்லை. கட்டுவதற்கென்றே, யாருடைய பெயரும் இல்லாத ஒரு பயனர் கணக்கை அந்தக் கணினியில் உருவாக்கி, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து கட்டினேன்.

துறைமுகத்துப் புதுக் கணினிகளில் பாய்தான் நிறுவினார். பழக்கத்தில் ஃபோல்டர் உருவாக்கப் போய், கையை எடுத்துக்கொண்டாராம். "கையி சும்மா இருக்க மாட்டேங்குது தங்கச்சி" என்றார். விடைகள் ஒத்துப்போயின. சார் என் வேலையை நிரந்தரமாக்கினார். அன்று முதல்முறையாக என்னை என் பெயரால் கூப்பிட்டார். எனக்கு ஒரு நொடி, யாரைக் கூப்பிடுகிறார் என்று புரியவில்லை.

ஆனால் வேலை முடிந்ததாக எனக்குப் படவில்லை. பிழைச்செய்தி வரும்போதெல்லாம் இன்னும் கண் அவள் பெயரைத்தான் தேடியது. எந்தத் திரையிலும் அவள் இல்லை. நான்தான் எடுத்தேன்.

அந்தப் பேக்கேஜை முதலில் எழுதியவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். யார் திருத்தம் அனுப்பினாலும் பார்த்து, சரியென்றால் மூலத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். சேர்ந்துவிட்டால் அதன் பிறகு உலகத்தில் யார் கட்டினாலும் அந்தத் திருத்தம் உள்ளே இருக்கும், எழுதியவர் பெயர் அதன் திருத்த வரலாற்றில் நிற்கும். சாரிடம் சொன்னேன். "ஃப்ரீயா ஏன் குடுக்கணும்? குடுத்தாலும் நம்ம கம்பெனி பேர்ல குடு" என்றார். "நாம எழுதல சார்" என்றேன். "சரி, அனுப்பு" என்றார்.

எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர். நான் முடித்த சில வரிகளைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் என் பெயர். அனுப்பினேன்.

சில நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். திருத்தம் நன்றாக இருக்கிறது, சேர்க்க விரும்புகிறோம், ஆனால் எழுதியவரே இது தன் படைப்பு என்று உறுதி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கூடவே, இது சரியென்று காட்டும் சிறிய சோதனை ஒன்றும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அன்று மதியம் வேறு எதையும் செய்யவில்லை. கீழே லாரி போகும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது. பதிலை எழுதி, அழித்து, எழுதினேன். கடைசியில் சுருக்கமாகவே எழுதினேன். எழுதியவர் இறந்துவிட்டார். மூலக் கோப்பு அவருடைய கணினியில் இருந்து, அவருடைய அம்மாவின் சம்மதத்தோடு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கப்பட்டது. இந்த வரிகளைப் பற்றி இன்றோ பிற்பாடோ யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

சேற்றில் நிற்கும் ஒரு தூணின் எண்களைச் சுருக்கி, சோதனையாக எழுதி, திருத்தம் இல்லாமல் ஒரு தடவையும் திருத்தத்தோடு ஒரு தடவையும் ஓட்டினேன். இரண்டு விடைகளையும் பதிலோடு இணைத்தேன். அடியில் என் முழுப்பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.